முகத்துவாரம் பற்றிய ஆவணப்படம்: சம நேரம் கொடுத்தும் ஏன் சாய்வாகத் தெரியுது?

எழுவான்கரை கேட்டது:

மட்டக்களப்பு வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்தை மணல் மூடிரும்; அதை மாரியில எப்ப வெட்டித் திறக்கிறது எண்ட இழுபறியை வச்சு 26 நிமிட ஆவணப்படம் ஒன்று எடிட்டிங்கில இருக்கு. வயலுக்குள்ள வெள்ளம் நிக்கும்போது உடனே வெட்டுங்க எண்டு கேக்கிற படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) விவசாயிகள் நாலு பேர், அவசரப்பட்டு வெட்டினா இறாலும் மீனும் வாவியில நிக்காது எண்டு சொல்ற மீனவர் மூன்று பேர், அதிகாரி ஒருவர். விவசாயிகள் பேசுற நேரம் 6 நிமிடம் 10 நொடி. மீனவர் 6 நிமிடம் 5 நொடி. அதிகாரி 50 நொடி. மிச்சம் பின்னணிக் குரலும் காட்சிகளும்.

ரஃப் கட் (முதல் தொகுப்பு) பார்த்த விவசாயிகள் இது மீன்காரர்ட படம் எண்டாங்க. மீனவர்கள் இது வெள்ளாண்மைக்காரர்ட (நெல் விவசாயிகள்ட) படம் எண்டாங்க. "ரெண்டு பக்கமும் ஏசினா படம் நடுவில நிக்குது எண்டுதான் அர்த்தம்" எண்டு பார்த்தவங்கள்ல ஒராள் சொன்னார். அது சரியா? நேரத்தைச் சமமாப் பிரிச்சது போதாதா? போதாது எண்டா எதை அளக்கிறது, எதை மாத்துறது? ட்ரோன் ஷொட் ஒன்பது இருக்கு. மியூசிக் கிட்டத்தட்ட முழுக்க ஓடுது. கடைசி ஷொட் அந்திநேரத்தில ஒரு தோணி.


வெட்டுமேசை எழுதியது:

தம்பி, முதல்ல அந்த "ரெண்டு பக்கமும் ஏசினா நடு" எண்ட கணக்கை விட்டுருங்க. 1985-இல் வல்லோன், ரொஸ், லெப்பர் எண்ட மூன்று ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். 1982 பெய்ரூட் அகதி முகாம் படுகொலை பற்றிய ஒரே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு பகுதியும் செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கு எண்டே சொன்னது. ஏச்சை வைத்துப் பார்ப்பவர் எந்தப் பக்கம் எண்டு அறியலாம், படம் எந்தப் பக்கம் எண்டு அறிய முடியாது. நேரான படத்துக்கும் ஏச்சு வரும், கோணலான படத்துக்கும் வரும். அதனால டைம்லைனைத்தான், அதாவது எடிட்டிங்கில ஷொட்டும் ஒலியும் அடுக்கின வரிசையைத்தான் அளக்க வேணும்.

நொடிக் கணக்கு மட்டும் காணாது. ஒரு தாளில் பேச்சுத் துண்டு ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதுங்க. ஆள், நொடி, பேசும்போது முகம் தெரியுதா அல்லது குரல் மட்டும் வேறு காட்சியின் மேல் ஓடுதா, முகம் எண்டால் ஷொட் எவ்வளவு கிட்ட, கீழே மியூசிக் இருக்கா, அவர் பேசி முடிந்த அடுத்த ஷொட் என்ன. 26 நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது வரி வரும். ஒரு நாள் வேலை.

நான் சொல்லக்கூடிய ஊகம் இது: விவசாயியின் குரல் மூழ்கிய வயலின் மேல் ஓடியிருக்கும். மீனவரின் குரல் பெரும்பாலும் அவர் முகத்தோடேயே நின்றிருக்கும். காரணம், மூழ்கின வயலைப் படம் எடுக்கலாம். வாவியில் இல்லாத இறாலை எப்படி எடுக்கிறது? ஆனால் பார்ப்பவருக்கு இதில் பெரிய வேறுபாடு இருக்கு. காட்சியின் மேல் ஓடும் பேச்சு நடந்த விசயம் போலக் காதில் விழும், முகத்தோடு வரும் பேச்சு ஒராள்ட அபிப்பிராயமாக விழும். 6.10-உம் 6.05-உம் எண்ட உங்கட கணக்கு இந்த இடத்தில்தான் உடையுது. விவசாயியின் காட்சியைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். மீனவர் சொல்வதில் எது கமெராவில் பிடிபடுமோ அதைத் தேடி எடுக்க வேணும். விடியக்காலை தோணி கரைக்கு வரும் இடத்தில் தராசு முள் நிற்கிற எண், அத்தாங்கு (கைவலை) கவிழ்ந்ததும் பெட்டியில் எவ்வளவு தூரத்துக்கு இறால் ஏறுது, வியாபாரி கொப்பியில் எழுதுற கிலோ. ஒரு நாள் எடுத்தால் அது ஒரு நாள்ட அதிர்ஷ்டம். முகத்துவாரம் வெட்ட முதல் நாலு நாள், வெட்டினதுக்குப் பிறகு நாலு நாள், அதே கரையில், அதே நேரத்தில் எடுத்து, தேதியை ஷொட்டின் மேலேயே போடுங்க.

ட்ரோன் பற்றி ஒன்று. 24 மில்லிமீற்றர் அளவுக்குச் சமமான லென்ஸோடு 100 மீற்றர் உயரத்தில் இருந்து நேர் கீழே பார்த்தால் ஃப்ரேமுக்குள் அகப்படுவது சுமார் 150 மீற்றருக்கு 84 மீற்றர். அது மூன்று ஏக்கர் அளவுதான். அதே ட்ரோனை இருபது மீற்றருக்கு இறக்கி, கமெராவை அடிவானத்தைப் பார்க்கத் திருப்பினால் படுவான்கரை முழுக்கக் கடல் மாதிரித் தெரியும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டாவதை மட்டும் ஒன்பது தரம் காட்டினால் பார்ப்பவர் மனதில் நிக்கிற ஏக்கர் கணக்கு உண்மையைத் தாண்டிப் போயிரும். அடிவானம் தெரியும் ஷொட் ஒன்று வைத்தால், நேர் கீழே பார்க்கிற ஷொட் ஒன்றும் வையுங்க. அதில் வரம்பு, வாய்க்கால், ஒரு உழவு இயந்திரம் எண்டு அளவு தெரிகிற சாமான் ஏதாவது இருக்க வேணும். வெள்ளாண்மை குடலைப் பருவத்தில் (கதிர் வெளிவர முதல்) நிண்டதா, அறுவடைக்குக் கிட்ட நிண்டதா எண்டதும் பேச்சில் வர வேணும். ஒரே அளவு தண்ணி இரண்டு பருவத்திலும் ஒரே அளவு நட்டத்தைத் தராது.

அதிகாரியின் 50 நொடி. அது குறைவு எண்டதை விட, அதற்கு முன்னால் என்ன ஷொட் இருக்கு எண்டு பாருங்க. அழுகிற ஒரு பெண்ணுக்குப் பிறகு, பேசாமல் இருக்கிற அதிகாரியின் முகம் வந்தால் அந்த முகம் கல்நெஞ்சாகத் தெரியும். அதே முகத்தை மழை பெய்யும் ஷொட்டுக்குப் பிறகு வைத்தால் கவலையாகத் தெரியும். ரஷ்யாவில் கூலெஷோவ் எண்ட பட இயக்குநர் நூறு வருசத்துக்கு முதலே சொன்ன சங்கதி. கடைப்பிடிக்கக்கூடிய விதி ஒன்று: கேட்டுக்கொண்டிருக்கும் முகம், தலையாட்டல், பெருமூச்சு எதுவும் அதே கேள்விக்கு அதே நேரத்தில் பதிவானதாக இருக்க வேணும். மைக் மாட்டும்போது எடுத்த முகத்தைக் கொண்டுபோய் வெள்ளம் பற்றிய கேள்விக்கு வைக்கக் கூடாது.

கடைசியாக, வரிசை. முதல் பேசுபவர் கேள்வியைப் போடுறார், கடைசியில் பேசுபவர் பதிலைச் சொல்றார். டைம்லைனைப் பிரதி எடுத்து, விவசாயி பகுதியையும் மீனவர் பகுதியையும் இடம் மாற்றிப் போட்டு ஒரு தரம் பாருங்க. மாற்றினதும் படம் உடைஞ்சு போன மாதிரி இருந்தால், உங்களுக்குத் தெரியாமலே ஒரு பகுதியை முறைப்பாடாகவும் மற்றதை அதற்குச் சமாதானமாகவும் கட்டி வச்சிருக்கீங்க எண்டு அர்த்தம். எந்தப் பகுதிக்குள் மற்றவர்ட பதிலை இடையில் கொண்டுவர வேணும் எண்டும் அப்போதே தெரிஞ்சிரும்.


ஒலிக்காரி எழுதியது:

மியூசிக் முழுக்க ஓடுது எண்டு சொன்னீங்க. அண்ணன் எழுதினதைச் செய்ய முதல் எல்லா மியூசிக் ட்ராக்கையும் மூடிட்டு ஒரு தரம் பாருங்க. எந்தக் காட்சி அதோட விழுந்து போகுதோ அந்தக் காட்சியில் ஆதாரம் இல்ல, உணர்ச்சியை மட்டும் மியூசிக் தாங்கிக்கொண்டு இருந்திருக்கு. அந்த இடத்துக்கு வேறு காட்சிதான் தேட வேணும்.

பிறகு திருப்பிப் போடும்போது ஒரு ஒழுங்கு வச்சுக்கொள்ளுங்க. யாரும் ஒரு கூற்றைச் சொல்லும்போது கீழே மியூசிக் வேண்டாம். இடம் மாறும்போது, நாள் மாறும்போது, ஆள் இல்லாத காட்சியில் மட்டும் போடலாம். மீனவருக்குக் கீழே புல்லாங்குழல், அதிகாரிக்குக் கீழே அடிவயிறு கலங்குற இரைச்சல் எண்டு ஓடினால் ஒரு சொல்லும் பேசாமலே தீர்ப்புச் சொல்லியாச்சு.

மியூசிக்கை விட ஆபத்தானது மைக். இதை யாரும் கவனிக்கிறதில்ல. வயல் வரம்பில் இருக்கிறவருக்குச் சட்டையில் குத்துற மைக் போட்டிருப்பீங்க. குரல் கிட்ட, கனிவாக வரும். அலுவலகத்தில் அவசரத்தில கமெரா மைக்கோட எடுத்திருப்பீங்க. டைல்ஸ் தரை, வெறும் சுவர், மின்விசிறி. குரல் தூரத்தில் இருந்து எதிரொலியோடு வரும். மனிசர் உண்மையே சொன்னாலும் மறைக்கிற ஆள் மாதிரிக் கேக்கும். எல்லாருக்கும் ஒரே மைக், நாடிக்குக் கீழே ஒரு சாண் தூரம். அலுவலகமெண்டால் திரைச்சீலை உள்ள அறையைக் கேட்டு வாங்குங்க, கிடைக்காட்டி கமெராவுக்குப் பின்னால இரண்டு தடித்த போர்வையைத் தொங்க விடுங்க. விசிறியை நிப்பாட்ட விடாட்டி, பேச்சு முடிஞ்சதும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவெடுங்க. வெட்டின இடங்களை நிரப்ப அது வேணும். கரையில எடுக்கும்போது வாடைக்காற்றுக்கு மைக்குக்கு மயிர்ச்சட்டை கட்டாயம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ள உறுமலை வெட்டிரலாம். முடிவில் எல்லாப் பேச்சையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டு வாங்க. ஒளிபரப்புக்கு ஐரோப்பிய அளவு மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேக்கிற சத்தத்தை அளக்கிற அலகு). அது முழுப் படத்துக்கும் உள்ள சராசரி. அதை மட்டும் நம்பினால் ஒராள் சத்தமாகவும் ஒராள் முணுமுணுப்பாகவும் இருந்தும் மீற்றர் சரி எண்டே காட்டும். ஆள் ஆளாக அளக்க வேணும்.

எடுத்த காட்சிக்கு இல்லாத சத்தத்தைச் சேர்க்கிறதுக்கும் கணக்கு உண்டு. மழை விட்ட பிறகு எடுத்த ஷொட்டுக்குக் கொட்டுற மழைச் சத்தம் போட்டால் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கு எண்டு நம்ப வைக்கிறீங்க. தவளை, தண்ணி சளசளக்கிறது மாதிரி அந்த இடத்தில் அதே நாள் பதிவெடுத்த சத்தம் எண்டால் பிழையில்ல. இலங்கையைப் பற்றி 1934-இல் பேசில் ரைட் எடுத்த "சோங் ஒஃப் சிலோன்" படத்தை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்க. இங்க எடுத்தது படம் மட்டும்தான், ஒலி பிறகு இங்கிலாந்தில் ஸ்டூடியோவில் கட்டினது. பணம் கொடுத்தது சிலோன் தேயிலைப் பிரசார சபை. பின்னணிக் குரலுக்கு, கண்டியில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸின் 1681-இல் வந்த புத்தகத்து வசனத்தை இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். 250 வருசத்துப் பழைய வசனம் அன்றைய ஆட்களின் மேல் ஓடும்போது, இந்த நாட்டில் எதுவுமே மாறேல்ல எண்ட எண்ணம் தானாக வருது. அழகான படம். அந்த அழகுக்குள்ளதான் அது நம்ப வைக்கிற வேலையும் நடக்குது.


கல்லடிப்பாலம் எழுதியது:

காட்சியையும் ஒலியையும் சொல்லியாச்சு. பின்னணிக் குரலின் தமிழைப் பற்றி யாரும் சொல்லேல்ல. ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு வழி இருக்காது, எங்கட மொழிக்கே உரிய பொறிகள் இவை.

முதலாவது "-ஆம்". "வாவியில் மீன் குறைந்துவிட்டதாம்" எண்டு குரல் வாசித்தால், சொன்னவரை நாங்களே நம்பேல்ல எண்டு ஆகுது. "குறைந்துவிட்டது என்கிறார்" எண்டால் நேர். ஒரு பக்கத்துக்கு "என்கிறார்", மற்றப் பக்கத்துக்கு "-ஆம்" எண்டு கலந்து எழுதியிருக்கீங்களா எண்டு எழுத்துப்படியில் தேடுங்க. வினைச்சொற்களும் அப்படித்தான். "கூறினார்" எடையில்லாத சொல். "ஒப்புக்கொண்டார்" எண்டால் முதலே குற்றம் இருந்தது. "புலம்பினார்" எண்டால் நியாயம் இல்லாமல் அழுதார். "மழுப்பினார்" எண்டு எழுதினால் பார்ப்பவர் தீர்மானிக்க ஒன்றுமே மிச்சமில்ல.

இரண்டாவது, "நாம்", "நாங்கள்". "நமது வாவி" எண்டு பின்னணிக் குரல் சொல்லும்போது பார்ப்பவரையும் சேர்த்து ஒரு வட்டம் போடுது. நல்லது. அடுத்த வரியிலேயே "நமது விவசாயிகள்" எண்டு வந்து, பிறகு "மீனவர்கள்" எண்டு வெறுமனே வந்தால் மீனவர் வட்டத்துக்கு வெளியில. இந்த ஒரு சொல் வேறுபாட்டை எங்கட மாவட்டத்தில் எல்லாரும் உடனே பிடிச்சிருவாங்க.

மூன்றாவது, "முகத்துவாரம் உரிய நேரத்தில் வெட்டப்படவில்லை". யார் வெட்டேல்ல? யாரிட்ட அனுமதி கேட்டது, எந்தத் தேதியில் கேட்டது, எந்தத் தேதியில் இயந்திரம் வந்தது? "படவில்லை" எண்டு எழுதுற ஒவ்வொரு இடத்திலும் ஆளையும் தேதியையும் தேடுங்க. கிடைக்காட்டி அந்த வசனத்தையே எடுத்துருங்க, இல்லாட்டி பெயர் சொல்லாமலே எல்லா அதிகாரியையும் குற்றவாளியாக்கிற வசனம் அது.

பெயர்ப் பட்டையையும் பாருங்க. அதிகாரிக்குத் "திரு" போட்டு, பதவி போட்டு, மீனவருக்குப் பெயர் மட்டும் போட்டால் பிழை. சங்கத் தலைவரெண்டால் அதைப் போடுங்க. வலை பின்னுகிற, கருவாடு போடுகிற பெண்ணுக்கு "மீனவரின் மனைவி" எண்டு போடாதீங்க, அவ செய்யிற தொழிலைப் போடுங்க. தமிழரும் முஸ்லிம்களும் தொழில் செய்யிற வாவி இது. ஒராளுக்கு மட்டும் ஊரையோ இனத்தையோ குறிச்சு மற்றவருக்குக் குறிக்காமல் விட்டால், நீங்க நினைக்காத ஒரு சண்டையைப் படம் தொடக்கி வைக்கும்.

நேர்காணலில் கேள்வியே பதிலைச் செய்யும். 1974-இல் லொஃப்டஸ், பால்மர் எண்ட உளவியல் ஆய்வாளர்கள் கார் விபத்துப் படத் துண்டுகளைக் காட்டிவிட்டு, கார்கள் எவ்வளவு வேகத்தில் வந்தன எண்டு கேட்டார்கள். மாற்றினது ஒரு வினைச்சொல் மட்டும். "நொறுங்க மோதின" எண்ட மாதிரிக் கேட்டபோது சராசரிப் பதில் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல். "தொட்டன" எண்ட மாதிரிக் கேட்டபோது 31.8. படம் ஒன்றுதான். ஆகவே "வெள்ளம் உங்கட வயலை எப்படி நாசமாக்கினது?" எண்டு தொடங்காதீங்க. "தை மாதம் வட்டைக்குள்ள (வயல்வெளிக்குள்ள) என்ன நடந்தது?" எண்டு கேளுங்க. ஐந்து நொடி பேசாமல் இருங்க. பிறகு "அது எப்படித் தெரியும்?" எண்டு கேளுங்க. முடிவில் எல்லாரிட்டயும் ஒரே கேள்வி: "மற்றப் பக்கத்து ஆள் இதுக்கு என்ன சொல்லுவார்?" இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் சில நேரம் படத்தின் மிக நல்ல இரண்டு நிமிடம் கிடைக்கும். பதில் வெறும் "ஓம்" எண்டால், கேள்வியும் படத்தில் கேக்க வேணும்.


அக்கரைப்பற்று நானா எழுதியது:

தம்பிமாரே, எல்லாம் சரி. ஆனா ஒரு விசயத்தில நான் மாறுபடுறேன். நடுவில நிக்கிறதே ஆவணப்படத்துக்கு வேலை எண்ட மாதிரி இந்த இழை போகுது. அப்படியில்ல. விசாரிச்சு ஒரு முடிவுக்கு வந்தா அந்த முடிவைச் சொல்லுங்க. சொல்லாமல் மியூசிக்காலயும் ஷொட்டாலயும் கடத்துறதுதான் பிழை.

அம்பாறை மாவட்டத்து ஒலுவிலை எடுங்க. துறைமுகம் 2013-இல திறந்தது. அலைதடுப்புக் கல்லணை போட்ட பிறகு வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்னுது, துறைமுக வாயை மணல் மூடுது. இதில "கரை கரையுது எண்டு சிலர், இல்லை எண்டு சிலர்" எண்டு பாதிப் பாதி வச்சா அது நடுநிலையில்ல, உண்மையை மறைக்கிறது. அளந்து தீர்க்கக்கூடியதை அளந்து தீர்க்கணும். ஏன் கரையுது, யார் பொறுப்பு, இழப்பீடு எப்படி எண்டதில விவாதம் இருக்கு. அங்கதான் எல்லாப் பக்கமும் பேசணும்.

ஆனா அளக்கிறதிலயே ஏமாற இடமிருக்கு, கவனம். எங்கட கிழக்குக் கரையில மாரி அலை அடிக்கிற காலத்தில கடற்கரை குறுகும், பிறகு மணல் வந்து அகலும். ஆடி மாதப் படத்தையும் தை மாதப் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சா நல்லா இருக்கிற கரையும் அழிஞ்ச மாதிரித் தெரியும். அதே மாதம், அதே நேரம், அதே இடத்தில நிண்டு, அதே லென்ஸால எடுத்த இரண்டு வருசப் படங்களைத்தான் ஒப்பிடலாம். அசையாத ஒரு அடையாளம் ஃப்ரேமில இருக்கட்டும். கட்டட மூலை, கிணத்துக்கட்டு, வெளிச்சவீடு. அங்கிருந்து தண்ணி விளிம்பு வரை நாடா பிடிச்சு அளந்து, அந்த மீற்றரைப் படத்தில போடுங்க. கூகிள் ஏர்த்தில பழைய வருசப் படங்களையும் மாதம் பார்த்து எடுக்கணும்.

உங்கட முகத்துவாரத்துக்கும் இதே பாடம். 2011 தை மாத வெள்ளக் காட்சி கையில இருக்கு எண்டு இந்த வருச வெள்ளத்துக்குப் போடாதீங்க. போட்டா "2011 ஜனவரி" எண்டு அந்தக் காட்சி ஓடி முடியும் வரை மூலையில நிக்கட்டும். கடைசி எழுத்தோட்டத்தில சொல்லியாச்சு எண்டு சமாதானம் சொல்றவங்க இருக்காங்க. கடைசி எழுத்து வரும்போது ஹோலில ஆக்கள் எழும்பிட்டாங்க. கண்டது மனசில பதிஞ்சிட்டு, திருத்தம் பதியல.

மற்றப் பக்க நியாயத்தை வச்சா உங்கட நியாயம் பலவீனமாகும் எண்டு பயப்படவும் வேண்டாம். இரண்டாம் உலகப் போர் நேரம் ஹொவ்லண்ட் எண்ட உளவியலாளரும் கூட வேலை செய்தவங்களும் அமெரிக்கப் படையாட்களிட்ட பார்த்தாங்க. ஜப்பானோட போர் நீளும் எண்டு நம்ப வைக்க இரண்டு வானொலிப் பேச்சு, ஒண்டில ஒரு பக்க நியாயம் மட்டும், மற்றதில எதிர் நியாயமும். முதலே எதிர் எண்ணத்தோட இருந்தவங்களையும் கூடப் படிச்சவங்களையும் மாத்தினது எதிர் நியாயத்தையும் சொன்ன பேச்சு. ஒரு பக்கப் பேச்சு ஏற்கெனவே ஒத்துக்கொண்டவங்களிட்டத்தான் நல்லா எடுபட்டது. உங்கட படத்தை நீங்க போட்டுக் காட்டப்போறது யாருக்கு? மீனவர் பக்கம் நிண்டு படம் எடுத்து மீனவருக்கே காட்டுறதுக்கு இவ்வளவு பாடு வேண்டாமே.


எழுவான்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெட்டுமேசை அண்ணன் சொன்ன தாளைப் போட்டுப் பார்த்தேன். விவசாயி பேச்சில் 4 நிமிடம் 20 நொடி காட்சியின் மேல் ஓடுது. மீனவர் பேச்சில் 1 நிமிடம் 15 நொடிதான். ஊகம் சரி.

இன்னும் இரண்டு கேள்வி. அதிகாரியின் நேர்காணல் முழுக்க 48 நிமிடம். அதை 50 நொடியாக்கும்போது வசனத்துக்கு இடையில வெட்ட வேண்டி வருது. எது நியாயமான வெட்டு, எது இல்ல? மற்றது, திரும்ப ஆட்களுக்குக் காட்டும்போது "நல்லாருக்கா, நியாயமா இருக்கா" எண்டு கேட்டா பயனில்ல எண்டு விளங்குது. என்ன கேக்கிறது?


வெட்டுமேசை எழுதியது:

தமிழில் வசனத்தின் வாலில்தான் உயிர் இருக்கு. அதனால எங்களுக்கு ஆங்கிலத்தில் வெட்டுறவரை விடக் கவனம் கூட வேணும். அதிகாரி "முகத்துவாரத்தை இப்ப வெட்டினா மீனெல்லாம் கடலுக்குப் போயிரும் எண்டு அவங்க சொல்றாங்க" எண்டு சொன்னதாக வையுங்க. "போயிரும்" எண்ட இடத்தில் வெட்டினால் மீனவர்ட வாதம் அதிகாரியின் முடிவாக மாறிரும். "நாங்க அதைச் செய்யவே மாட்டோம் எண்டு சொல்லேல்ல" எண்ட வசனத்தில் கடைசி இரண்டு சொல் போனால் முழுப் பொருளும் கவிழ்ந்தது. எதிர்மறையும், "எண்டு சொன்னாங்க"வும், "போல"யும், "எண்டா"வும் எங்கட மொழியில் கடைசியில் வரும். அவற்றுக்கு முன்னால கத்தி போகக் கூடாது.

செய்யிற முறை: 48 நிமிடத்தையும் சொல்லுக்குச் சொல் எழுத்துப்படி எடுங்க. படத்தில் வரும் சொற்களுக்கு மஞ்சள் நிறம் பூசுங்க. மஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நிறமில்லாமல் கிடக்கிற சொற்களை மட்டும் வாசிங்க. "ஆனா", "சில வருசம்", "எங்கட கையில மட்டும் இல்ல", "போன முறை அப்படி நடக்கேல்ல" எண்ட மாதிரிச் சொற்கள் அங்க கிடந்தால் வெட்டு பொருளை மாத்துது. இருமல், திரும்பச் சொன்னது, "என்னெண்டா", கிளைக்கதை எண்டால் தாராளமாக வெட்டலாம். வேறு வேறு கேள்விக்குச் சொன்ன பதில்களை ஒரே மூச்சில் சொன்ன மாதிரி ஒட்டவே கூடாது. நடுவில் கேள்வியைப் போடுங்க, அல்லது வெட்டுத் தெரியும்படி விடுங்க. முகம் லேசாகத் துள்ளும். பரவாயில்ல. கை, பைல், மேசை எண்டு ஒரு ஷொட்டைப் போட்டு மூடினால்தான் பார்ப்பவருக்கு அங்க வெட்டு இருக்கெண்டே தெரியாமல் போகுது. மூடின இடங்களை எண்ணிப் பாருங்க. அதிகாரிக்கு 50 நொடியில் நாலு மூடல், மீனவருக்கு 6 நிமிடத்தில் இரண்டு எண்டால் அதுவும் தாளில் எழுத வேண்டிய கணக்கு.

இந்த அளவு நேர்காணலுக்கு 50 நொடி காணாது எண்டும் நினைக்கிறேன். முகத்துவாரம் வெட்ட எந்த நீர்மட்டத்தைப் பார்க்கிறாங்க, யார் யார் கூட்டத்தில் இருந்து முடிவெடுக்கிறது, இயந்திரம் எங்க இருந்து வருது எண்ட நடைமுறை வேறு யாரும் சொல்லப்போறதில்ல. அதை அவரிட்ட இருந்து எடுத்து 2 நிமிடமாக்குங்க. பின்னணிக் குரலில் அவ்வளவு நேரம் குறையும்.


கல்லடிப்பாலம் எழுதியது:

காட்டும் முறைக்கு: விவசாயிகளையும் மீனவர்களையும் ஒரே ஹோலில் இருத்தாதீங்க, ஒராள் முகத்தைப் பார்த்து ஒராள் பதில் சொல்லுவார். எட்டுப் பேர், பத்துப் பேராகத் தனித்தனியே. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள், பென்சில். திரையின் மூலையில் நிமிடம், நொடி ஓடட்டும். மனம் உறுத்துற இடத்தில் அந்த நேரத்தை மட்டும் குறிக்கச் சொல்லுங்க, காரணம் வேண்டாம். முடிந்ததும் மூன்று கேள்வி. "மற்றப் பக்கத்து ஆக்கள் என்ன கேக்கிறாங்க, ஏன் கேக்கிறாங்க?" "உங்கட பக்கத்தின் ஆகப் பலமான நியாயம் படத்தில வந்திச்சா, வராட்டி எது?" "யார்ல பிழை எண்டு இந்தப் படம் சொல்லுது?" எழுத விருப்பமில்லாதவரிட்ட வாயால கேட்டு நீங்களே அப்படியே எழுதுங்க, உங்கட சொல்லைப் போடாமல்.

மீனவர் சொன்ன விவசாயி நியாயத்தைக் கொண்டுபோய் விவசாயியிட்ட வாசித்துக் காட்டுங்க. "ஓம், இதைத்தான் சொன்னோம்" எண்டால் அந்தப் பகுதி சரி. "இதில்ல நாங்க சொன்னது" எண்டால் அங்கதான் எடிட்டிங் பிழைச்சிருக்கு. இரண்டு குழுவும் ஒரே நொடியைக் குறிச்சிருந்தால் அந்த இடத்தைத் தயங்காமல் எடுங்க. ஒரு குழு மட்டும் குறிச்ச இடத்தில், அவங்க கேக்க விரும்பாத உண்மை இருக்கா, நீங்க செய்த சாய்வு இருக்கா எண்டு தாளோடு ஒத்துப் பார்க்க வேணும்.


ஒலிக்காரி எழுதியது:

அந்திநேரத் தோணியைப் பற்றி ஒருவரும் சொல்லேல்ல. பொன்னிற வெளிச்சத்தில் தனியாப் போற தோணி எண்டால் படம் மீனவர் பக்கம் சாய்ந்து முடியுது, விவசாயிகள் ஏசினது அதுக்காகவும் இருக்கலாம். பாலமீன்மடுவில முகத்துவாரத்தையே எடுங்க. வெட்டின வாய்க்குள்ளால வாவித் தண்ணி போறது, எதிர்ப்பக்கம் கடல் அலை மணலைத் திருப்பிக் கொண்டு வாறது, இரண்டும் ஒரு ஃப்ரேமில் வர நடுப்பகலில், முக்காலியில். இருபது நொடி. மியூசிக் இல்லாமல், அங்க பதிவெடுத்த இரைச்சலோட. மூலையில் தேதி.